பள்ளிப் படிவத்தில் மகள் "ஹேக்கர்" என்று எழுதியிருக்கிறாள், ஆசிரியரிடம் நான் என்ன சொல்லட்டும்?

அஞ்சுரோடு_ரிப்பேர் | வெள்ளி, இரவு 9.50

எல்லோருக்கும் வணக்கம். இங்கே பெரும்பாலும் இன்வெர்ட்டர் போர்டு பற்றித்தான் எழுதுவேன். இன்று வேறு விஷயம்.

மகள் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். என்ன ஆக விருப்பம் என்று பள்ளியில் ஒரு படிவம் கொடுத்திருக்கிறார்கள். மற்ற பிள்ளைகள் டாக்டர், கலெக்டர் என்று எழுத, இவள் "ஹேக்கர்" என்று எழுதிவிட்டாள். நேற்று என்னைக் கூப்பிட்டார்கள். வகுப்பாசிரியர் கோபப்படவில்லை, கவலைப்பட்டார். "திருட்டு வேலைன்னு தெரிஞ்சுதான் எழுதினாளா?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. வீட்டுக்கு வந்து அவளைக் கேட்டால், "அப்பா, நீங்க செய்யறதும் அதுதானே" என்கிறாள்.

இருபத்திரண்டு வருடமாக போர்டு கழற்றுகிறேன். சர்க்யூட் படம் கிடைக்காத போர்டுகளைத் தடம் தடமாகப் பார்த்து நானே வரைந்து வைத்த நோட்டு ஆறு இருக்கிறது. அதற்கு இந்தப் பெயரா? திங்கட்கிழமை மறுபடி பள்ளிக்குப் போக வேண்டும். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மூக்கனேரி | வெள்ளி, இரவு 10.15

அண்ணா, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எங்கள் பெரியப்பா மகனுக்கு போன மாசம் ஒரு போன் வந்தது. உங்கள் பெயரில் பார்சல் வந்திருக்கிறது, அதில் போதைப்பொருள் இருக்கிறது, வீடியோவை அணைக்காதீர்கள் என்று நாலு மணி நேரம் மிரட்டி 86,000 ரூபாய் வாங்கிவிட்டார்கள். அது அவர் வீட்டுக்கு ஓடு மாற்றச் சேர்த்து வைத்திருந்த பணம். அவர் இன்னும் சரியாகச் சாப்பிடுவதில்லை. ஊரில் எல்லோரும் "ஹேக்கர் அடிச்சுட்டான்" என்றுதான் சொல்கிறார்கள். அந்தச் சொல்லை ஒரு குழந்தை ஆசையாக எழுதினால் ஆசிரியர் பயப்படத்தான் செய்வார். படிவத்தில் மாற்றி எழுதச் சொல்லுங்கள்.

ஜங்ஷன்_பைட் | வெள்ளி, இரவு 10.22

அக்கா, அவன் ஹேக்கரே இல்லை. அவன் எந்த கம்ப்யூட்டரையும் திறக்கவில்லை. உங்கள் அண்ணனின் பயத்தைத்தான் திறந்தான்.

மூக்கனேரி | வெள்ளி, இரவு 10.24

பணம் போனவருக்கு இந்த வித்தியாசத்தால் என்ன ஆகப்போகிறது தம்பி?

பழைய_டெர்மினல் | சனி, காலை 6.40

ஏற்காட்டிலிருந்து எழுதுகிறேன். இரண்டு நாளாகக் காற்றும் மழையும். கரண்ட் இருக்கும்போதே முழுதாகச் சொல்லிவிடுகிறேன். முப்பது வருடம் சர்வர் அறைகளில் வேலை செய்தவன், இந்தச் சொல்லோடு வளர்ந்தவன். அதனால் நீளமாக எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் மூக்கனேரிக்கு. அம்மா, பணம் போனதும் 1930 என்ற சைபர் குற்றப் புகார் எண்ணுக்குச் சொன்னீர்களா? சொல்லவில்லை என்றால் இப்போதாவது சொல்லுங்கள். முதல் சில மணி நேரத்தில் சொன்னால் பணம் போய்ச் சேர்ந்த கணக்கை முடக்க வாய்ப்பு அதிகம். பிந்திவிட்டது என்று விட்டுவிட வேண்டாம், புகார் பதிவாவது இருக்கட்டும்.

சரி, சொல்லுக்கு வருகிறேன். இது பிறந்த இடத்தில் பூட்டும் இல்லை, திருட்டும் இல்லை. பொம்மை ரயில்தான் இருந்தது. எம்.ஐ.டி. என்றதும் நமக்குக் குரோம்பேட்டை நினைவுக்கு வரும். நான் சொல்வது அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் எம்.ஐ.டி. அங்கே 1946-இல் மாணவர்கள் மாதிரி ரயில் சங்கம் ஒன்று தொடங்கினார்கள். பெரிய மேசை மேலே தண்டவாளம், மலை, ஊர். ஒரு கூட்டம் மேசைக்கு மேலே பெட்டிக்கு வர்ணம் அடிக்கும். இன்னொரு கூட்டம் மேசைக்கு அடியிலேயே கிடக்கும். எந்த ரயில் எந்தப் பாதையில் போக வேண்டும் என்று தீர்மானிக்கும் வயர்களும், அந்தக் காலத்து டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் பயன்பட்ட ரிலேக்களும் (கரண்டில் திறந்து மூடும் சுவிட்சுகள்) அங்கேதான் இருந்தன. அந்த அடிமேசைக் கூட்டத்தின் பேச்சில், லாபத்துக்காக இல்லாமல், செய்கிற சுகத்துக்காகவே புத்திசாலித்தனமாகச் செய்த ஒரு வேலைக்குப் பெயர் "ஹேக்". 1959-இல் பீட்டர் சாம்சன் என்ற மாணவர் சங்கத்தில் புழங்கிய சொற்களுக்கு ஒரு சிறு அகராதி எழுதினார். அதிலும் இந்தச் சொல் இருக்கிறது.

அஞ்சுரோடு அண்ணா, நீங்கள் மேசைக்கு அடியில் கிடக்கிறவர். உங்கள் மகள் அதைப் பார்த்திருக்கிறாள்.

1958-இல் டி.எக்ஸ்.-0 என்ற டிரான்சிஸ்டர் கம்ப்யூட்டர் அந்த வளாகத்துக்கு வந்தது. அதுவரை கம்ப்யூட்டர் என்றால் துளையிட்ட அட்டைக் கட்டை ஆபரேட்டரிடம் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். பெரிய வீட்டுச் சமையலறை வாசலில் நின்று சாப்பாடு கேட்பது மாதிரி. இதில் நேராக முன்னால் உட்கார்ந்து தட்டலாம், தப்பை அங்கேயே திருத்தலாம். ராத்திரி மூன்று மணிக்கு இயந்திரம் சும்மா இருக்கும் என்று தெரிந்தால் அந்த நேரத்துக்கு வந்து உட்காருவார்கள். 1961-இல் பி.டி.பி.-1 என்ற இன்னொரு கம்ப்யூட்டர் வந்தது. அதன் அடிப்படை நினைவகம் 4,096 "சொற்கள்" (கம்ப்யூட்டர் ஒரே தடவையில் எடுக்கும் துண்டுக்கு அப்படிப் பெயர்), ஒவ்வொன்றும் 18 பிட். இன்றைய கணக்கில் 9 கிலோபைட். பெரும்பாலான வாட்ஸ்ஆப் ஸ்டிக்கர்கள்கூட அதில் அடங்காது. அதற்குள் 1962-இல் ஸ்டீவ் ரசல் என்பவரும் நண்பர்களும் இரண்டு விண்கலம் சண்டை போடும் விளையாட்டை எழுதி ஓடவிட்டார்கள். இடம் அவ்வளவு குறைவு என்பதால், ஒரு நிரலில் ஒரே ஒரு கட்டளையைக் குறைத்துக் காட்டுவதற்கு ராத்திரி முழுக்கப் போட்டி நடக்கும்.

எனக்கு இதில் மனசு தொட்ட இடம் வேறு. எழுதிய நிரல்களைக் காகித நாடாவில் துளையிட்டு, இயந்திரத்துக்குப் பக்கத்து இழுப்பறையில் போட்டு வைப்பார்கள். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், ஓட்டலாம், இன்னும் நன்றாக்கித் திரும்ப வைக்கலாம். என் பார்வையில் ஹேக்கர் என்ற சொல்லின் பாதி அந்த இழுப்பறையில்தான் இருக்கிறது. கரண்ட் போகிறது. மீதி பிறகு.

அஞ்சுரோடு_ரிப்பேர் | சனி, காலை 8.05

சார், கடையைத் திறக்காமல் இரண்டு தடவை படித்தேன். அப்படியென்றால் இந்தச் சொல் எப்போது கெட்டுப்போனது?

ஜங்ஷன்_பைட் | சனி, காலை 8.30

அண்ணா, அது எனக்குத் தெரியும். 1983. மில்வாக்கி என்ற ஊரில் சில பையன்கள். ஊரின் டெலிபோன் எண் 414-இல் தொடங்கும், அதையே கூட்டத்துக்குப் பெயராக வைத்துக்கொண்டார்கள். வீட்டு மோடத்தில் டயல் செய்து, கம்பெனி கொடுத்த பாஸ்வேர்டை யாரும் மாற்றாமல் விட்டிருந்த கம்ப்யூட்டர்களுக்குள் போனார்கள். லாஸ் அலமோஸ் அணு ஆய்வுக்கூடம், நியூயார்க்கில் ஒரு புற்றுநோய் மருத்துவமனை என்று மொத்தம் அறுபது இடம் போல. அப்போதுதான் பத்திரிகைகள் "ஹேக்கர்" என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டன. அப்புறம் 1988 நவம்பரில் மோரிஸ் என்ற மாணவர் விட்ட புழு (கம்ப்யூட்டருக்குக் கம்ப்யூட்டர் தானாகப் பரவும் புரோகிராம்), அன்றிருந்த இணையத்தில் ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்களை முடக்கியது. 1993-இல் வந்த இணையச் சொல் அகராதி ஆவணம், ஆர்.எஃப்.சி. 1392, இரண்டையும் தனித்தனியாக எழுதியது. ஒரு அமைப்பின் உள் இயக்கத்தை நெருக்கமாக அறிவதில் மகிழ்கிறவர் ஹேக்கர், அனுமதியில்லாமல் நுழைகிறவர் கிராக்கர். ஆனால் அதற்குள் பத்து வருடம் ஓடிவிட்டது.

இந்த விஷயத்தில் எனக்கு ஒரு சொந்த வலி இருக்கிறது. போன வருடம் எங்கள் கல்லூரியில் மதிப்பெண் பார்க்கும் பக்கத்தில், மேலே முகவரிப் பட்டையில் என் பதிவு எண் அப்படியே தெரிந்தது. கடைசி இலக்கத்தை மாற்றினேன். அடுத்த மாணவியின் மதிப்பெண், வீட்டு முகவரி, அப்பாவின் போன் நம்பர் எல்லாம் வந்தது. இன்னும் இரண்டு எண் மாற்றிப் பார்த்தேன். அதேதான். உடனே மூடிவிட்டு, எப்படிச் சரிசெய்யலாம் என்பதையும் சேர்த்து இரண்டு பக்கக் கடிதம் எழுதிக் கொடுத்தேன். மறுநாள் கூப்பிட்டு, போனை வாங்கி வைத்துக்கொண்டு, அம்மாவை வரவழைத்து, "உங்க பையன் ஹேக்கர்" என்றார்கள். அம்மா அழுதார். அந்தப் பக்கம் நாலு மாசம் அப்படியேதான் கிடந்தது. ஒரு மாணவியின் முகவரியை யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்ற நிலை அவர்களுக்கு உறுத்தவில்லை, அதைச் சொன்ன நான்தான் உறுத்தினேன்.

மூக்கனேரி | சனி, காலை 9.10

தம்பி, இதைப் படித்ததும் என் மகள் நம்பரும் அப்படி எங்கேயாவது கிடக்குமோ என்றுதான் தோன்றியது. நீ சொன்னது நல்லது. ஆனால் ஒன்று கேட்கிறேன். முதல் எண்ணிலேயே தெரிந்துவிட்டதே, அப்புறம் எதற்கு இன்னும் இரண்டு?

ஜங்ஷன்_பைட் | சனி, காலை 9.31

அது தற்செயலா, எல்லோருக்கும் அப்படியா என்று உறுதி செய்யத்தான் அக்கா. உறுதியில்லாமல் எழுதினால் "உன் போனில் கோளாறு" என்று சொல்லிவிடுவார்கள்.

பழைய_டெர்மினல் | சனி, மதியம் 1.20

கரண்ட் வந்துவிட்டது.

தம்பி, நீ செய்ததில் நல்லெண்ணம் இருக்கிறது. கடிதம் எழுதியது சரி, மூடியது சரி. ஆனாலும் மூக்கனேரி கேட்ட கேள்வியை நான் விடமாட்டேன். பக்கத்தில் நிற்கும் நண்பனிடம் "உன் நம்பரைப் போட்டுப் பார்க்கட்டுமா" என்று கேட்டுப் போட்டிருந்தால் உறுதியும் கிடைத்திருக்கும், யார் வீட்டுக் கதவையும் கேட்காமல் திறந்ததாக ஆகியிருக்காது. தெருவில் போகிறோம், ஒரு வீட்டுக் கதவு திறந்து கிடக்கிறது. வாசலில் நின்று குரல் கொடுப்போம். சமையலறை வரை போய், "பாருங்க, இவ்வளவு தூரம் வர முடியுது" என்று காட்டமாட்டோம் இல்லையா?

சட்டமும் ஏறக்குறைய இங்கேதான் நிற்கிறது. நம் நாட்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000. அதன் 66-ஆம் பிரிவுக்கு முதலில் தலைப்பிலேயே "ஹேக்கிங்" என்று இருந்தது. 2008 திருத்தத்தில் அந்தச் சொல்லை எடுத்துவிட்டு "கணினி சார்ந்த குற்றங்கள்" என்று மாற்றினார்கள். இப்போது அந்தப் பிரிவு பார்ப்பது இரண்டு விஷயம்: உரிமையாளரின் அனுமதி இருந்ததா, நேர்மையற்ற அல்லது ஏமாற்றும் நோக்கம் இருந்ததா. தண்டனை மூன்று வருடம் வரை சிறை, அல்லது ஐந்து லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். அஞ்சுரோடு அண்ணா, ஆசிரியரிடம் இதைச் சொல்லலாம். "ஹேக்கிங்" என்ற சொல் அந்தப் பிரிவில் இப்போது இல்லை.

இந்த மாதிரி ஓட்டைகளைச் சொல்வதற்கென்றே மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் இருக்கிறது, 2004 முதல். அடுத்த முறை கல்லூரி அலுவலகத்துக்குத் தனியாகப் போகாதே. அங்கே எழுது, நகல் வைத்துக்கொள்.

ஜங்ஷன்_பைட் | சனி, மதியம் 1.44

நண்பனைக் கேட்டிருக்கலாம். அது எனக்கு அப்போது தோன்றவே இல்லை சார். ஆனால் "அனுமதி கேட்டுச் செய்" என்பது எல்லா இடத்திலும் ஒத்துவராது. கேட்டால் தரமாட்டார்கள், தராவிட்டால் ஓட்டை அப்படியே இருக்கும். இதில் என் கருத்தை மாற்றிக்கொள்ள முடியவில்லை.

பாவும்_ஊடையும் | சனி, மாலை 6.10

அம்மாப்பேட்டையிலிருந்து. தறி ஓட்டி முடித்துவிட்டு இப்போதுதான் படிக்கிறேன். அட்டை என்று பெரியவர் எழுதியதும் கை துறுதுறுவென்றது.

எங்கள் அப்பா ஜக்கார்டு அட்டை குத்துகிறவர். வெண்பட்டு வேட்டிக் கரை, சேலை முந்தி, எல்லாவற்றுக்கும். கட்டம் போட்ட தாளில் டிசைனை வரைந்து, குறுக்கே ஓடும் ஒவ்வொரு ஊடை இழைக்கும் ஒரு அட்டை. ஓட்டை இருந்தால் ஹூக் மேலே ஏறும், அதோடு நீளவாக்கில் இருக்கும் பாவு இழை தூக்கும். ஓட்டை இல்லாவிட்டால் அப்படியே கிடக்கும். இரண்டே நிலைதான். 1804-இல் ஜக்கார்டு என்ற பிரெஞ்சுக்காரர் செய்த பெட்டி அது. 1839-இல் அவர் முகத்தையே பட்டில் நெய்தார்கள், கிட்டத்தட்ட 24,000 அட்டை. அந்தப் பட்டுப் படம் ஒன்றை வைத்திருந்த சார்லஸ் பாபேஜ், தன் கணக்கு இயந்திரத்துக்கும் துளை அட்டையையே எடுத்துக்கொண்டார். கம்ப்யூட்டர் படித்தவர்கள் இதைச் சொல்லும்போது எனக்கு அப்பாவின் விரல்தான் ஞாபகம் வரும். ஒரு ஓட்டை தவறினால் சேலை முழுக்க அந்தத் தவறு வரும். அவர் அட்டையை விளக்குக்கு நேரே பிடித்து, தடவிப் பார்த்தே தப்பு எங்கே என்று சொல்வார்.

இப்போது என் தறியில் இருப்பது எலக்ட்ரானிக் ஜக்கார்டு, 480 ஹூக். டிசைன் பென்டிரைவில் போகும். அந்த ஃபைலைச் செய்ய விற்றவர்கள் கொடுத்த சாஃப்ட்வேர் ஒரே ஒரு கம்ப்யூட்டரில்தான் ஓடும். அந்தக் கம்ப்யூட்டர் செத்தது. போன் போட்டால் புதிதாக வாங்கச் சொன்னார்கள். தறியின் விலையில் பாதி கேட்டார்கள். இருபது நாள் தறி நின்றது.

இருந்த பழைய ஃபைல் ஒன்றை எடுத்து, உள்ளே எண்களாகக் காட்டும் ஒரு புரோகிராமில் திறந்தேன். ஆரம்பத்தில் கொஞ்சம் எண்கள், அப்புறம் ஒரே மாதிரி வரிசைகள் திரும்பத் திரும்ப வந்தன. அறுபது அறுபதாக அடுக்கினால் மயில் தெரிகிறது! 480 ஹூக், எட்டு ஹூக்குக்கு ஒரு பைட், ஆக ஊடைக்கு 60 பைட். அப்பாவின் அட்டைதான் உள்ளே உட்கார்ந்திருக்கிறது. அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. நானே ஒரு சின்ன புரோகிராம் எழுதி முதல் ஃபைல் செய்து தறியில் போட்டேன். மயில் சிதைந்து வந்தது. எட்டு எட்டு இழையாக ஒவ்வொரு துண்டும் இடம் வலமாகத் திரும்பியிருந்தது. பைட்டுக்குள் பிட் வரிசையை நான் தலைகீழாக எடுத்திருக்கிறேன். அதைத் திருப்பினேன், மயில் நின்றது.

இதை எல்லோருக்கும் கொடுத்தேன். ஆளுக்கு இரண்டாயிரம் வாங்கு என்று மாமா சொன்னார். மனசு வரவில்லை. அப்பா யாருக்கும் டிசைன் தாளை மறைத்ததில்லை. இளம்பிள்ளை ஊரிலிருந்து ஒருவர் வாங்கிப் போய், இரண்டு கலர் ஊடை போடும் சேலைக்கும் வருகிற மாதிரி திருத்தி எனக்கே திருப்பி அனுப்பினார். இழுப்பறை என்று பெரியவர் சொன்னது இதுதானே?

பழைய_டெர்மினல் | சனி, இரவு 7.02

இதுவேதான். படித்து முடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எழுத முடியவில்லை.

உங்கள் கதைக்கு ஒரு அண்ணன் கதை உண்டு. அதே எம்.ஐ.டி.யில் ரிச்சர்ட் ஸ்டால்மன். அவர்கள் ஆய்வுக்கூடத்தில் பழைய பிரிண்டரின் நிரலில், காகிதம் சிக்கினால் காத்திருப்பவர்களுக்குச் செய்தி போகும்படி சேர்த்து வைத்திருந்தார். ஜெராக்ஸ் தந்த புதிய லேசர் பிரிண்டர் வந்தது. அதன் நிரல் மூலத்தை, அதாவது திருத்தக்கூடிய வடிவத்தை, தரவில்லை. அதை வைத்திருந்த ஒரு ஆய்வாளரிடம் ஸ்டால்மன் நேரில் போய்க் கேட்டும், தரமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருப்பதாகச் சொல்லிவிட்டார். அந்தக் காயம் ஒரு முக்கியக் காரணமாகி, 1983 செப்டம்பரில், யாரும் எடுத்துத் திருத்தலாம் என்ற கம்ப்யூட்டர் இயக்க முறைமைக்கான குனு திட்டத்தை அறிவித்தார். 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதிய லினக்ஸ் கருவும் அதோடு சேர்ந்தது. நான் முப்பது வருடம் சோறு சாப்பிட்டது அதில்தான்.

குறில்நெடில் | சனி, இரவு 8.15

ஹேக்கருக்குத் தமிழில் சிலர் "கொந்தர்" என்று எழுதுகிறார்கள். எனக்கு அந்தச் சொல் பிடிக்கும். அணில் கொந்திய கொய்யாதான் இனிக்கும் என்று ஏற்காட்டுத் தோட்டத்தில் பாட்டி அதைத்தான் முதலில் தேடிக் கொடுப்பார். கொந்துவது பழத்தை அழிப்பதற்கு இல்லை, உள்ளே என்ன இருக்கிறது என்று அறிவதற்கு.

அமெரிக்கா வரை போக வேண்டாம். நீங்கள் எல்லோரும் இப்போது தட்டுகிற இந்த எழுத்தே கொந்தர்களின் வேலை. தொண்ணூறுகளில் ஒவ்வொரு தமிழ் எழுத்துருவுக்கும் ஒரு குறியாக்கம், அதாவது எழுத்தை எண்ணாக வைக்கும் முறை. ஒருவர் அனுப்பிய கடிதம் இன்னொருவரிடம் கோணல் குறிகளாக வரும். டிஸ்கி என்ற அன்றைய குறியாக்கத்தில் "கொ" என்பது கண்ணுக்குத் தெரிகிற வரிசையிலேயே இருக்கும்: முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால். இன்று எல்லோரும் பயன்படுத்தும் யூனிகோடில் முதலில் க, பிறகுதான் உயிர்க்குறி. ஆக ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற, எழுத்தைப் பெயர்த்தால் மட்டும் போதாது, இடத்தையும் மாற்ற வேண்டும். அதையெல்லாம் வேலை முடிந்து வந்த ராத்திரிகளில் உட்கார்ந்து எழுதி, இலவசமாகப் போட்டார்கள். தமிழ் தட்டும் மென்பொருளான எ-கலப்பை அப்படித்தான் வந்தது. 1998 பொங்கலுக்குத் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் நம் பழைய நூல்களை எத்தனையோ பேர் கையால் தட்டி ஏற்றினார்கள். இதில் யாரும் யார் பூட்டையும் உடைக்கவில்லை.

மூக்கனேரி | சனி, இரவு 9.00

எல்லாம் படித்தேன். மனசு கொஞ்சம் மாறியிருக்கிறது, முழுதாக இல்லை. அந்த 86,000 எடுத்தவனும் ஏதோ ஒன்றை ஆழமாகக் கற்றிருக்கிறான். மனுஷன் எப்போது பயப்படுவான், எந்த வார்த்தைக்கு நடுங்குவான் என்று. அதுவும் ஒரு அமைப்பின் உள்ளே பார்ப்பதுதானே? அவனை மட்டும் எப்படி வெளியே தள்ளுவீர்கள்?

பழைய_டெர்மினல் | சனி, இரவு 9.25

முழுதாகத் தள்ள முடியாது அம்மா, உண்மையை ஒத்துக்கொள்கிறேன். கம்ப்யூட்டர்களுக்குள் புகுந்ததற்காக 1995-இல் அமெரிக்காவில் கைதான கெவின் மிட்னிக் பாதிக் காரியத்தைப் போனில் பேசியே சாதித்தவர். அவரை ஹேக்கர் இல்லை என்று சொன்னால் யாரும் ஏற்கமாட்டார்கள். நான் பார்க்கிற இடம் ஒன்றுதான். கண்டுபிடித்ததை அவன் எந்த இழுப்பறையில் போட்டான்? உங்கள் அண்ணனிடமிருந்து எடுத்தான், யாருக்கும் எதையும் வைக்கவில்லை. பாவும் ஊடையும் தன் இருபது நாள் நஷ்டத்தைப் பொதுவில் வைத்தார்.

பிரச்சினை வந்த வீட்டில் இருந்துகொண்டு நீங்கள் இவ்வளவு பொறுமையாகப் பேசியது பெரிய விஷயம். 1930-க்குச் சொன்னீர்களா?

மூக்கனேரி | சனி, இரவு 9.41

சொல்லிவிட்டோம் சார். பதிவு எண் கொடுத்திருக்கிறார்கள்.

அஞ்சுரோடு_ரிப்பேர் | ஞாயிறு, காலை 7.15

ராத்திரி மகளையும் உட்கார வைத்து முழுக்கப் படிக்கக் கொடுத்தேன். கல்லூரித் தம்பியின் கடிதக் கதையில் அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. திங்கட்கிழமை நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்தே போகிறோம். படிவத்தை மாற்றப் போவதில்லை. என் ஆறு நோட்டையும் எடுத்துப் போய் ஆசிரியரிடம் காட்டலாம் என்று இருக்கிறேன்.

அப்புறம் ஒரு சின்ன விஷயம். பாவும்_ஊடையும் தம்பி போட்டிருந்த புரோகிராமை அவள் இறக்கிப் படித்தாள். காலையில் எழுந்ததும் கேட்கிறாள்: "480 எட்டால் மீதியில்லாமல் வகுபடும். கரைக்குத் தனியாக நாலு ஹூக் சேர்த்து 484 ஆக்கினால் கடைசி பைட்டில் நாலு பிட் மிச்சம் இருக்குமே, அது எந்தப் பக்கம் நிற்கும்?" எனக்குத் தெரியவில்லை. நீங்கள் சொல்லுங்கள்.

பாவும்_ஊடையும் | ஞாயிறு, காலை 7.50

அண்ணா, நான் அதை யோசிக்கவே இல்லை. என் தறி 480, அப்பா காலத்தில் 120, 240. எல்லாமே எட்டுக்குள் அடங்கியவை. புரோகிராமில் அந்த இடம் நிச்சயம் தப்பாகத்தான் போகும். இன்றைக்குத் தறி லீவுதான். பாப்பாவைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், தறியில் போட்டே பார்த்துவிடலாம்.

அஞ்சுரோடு_ரிப்பேர் | ஞாயிறு, காலை 7.58

பத்து மணிக்கு வருகிறோம். மல்டிமீட்டர் எடுத்து வரட்டுமா என்று கேட்கிறாள்.